கர்ப்பகாலத்தில் பம்ப்பை நிறுத்துவதுதான் ஆபத்து: வடசென்னைப் பெண்களுக்கு ஆஸ்துமா பற்றிச் சில விஷயங்கள்

தண்டையார்பேட்டை, காசிமேடு, கொடுங்கையூர் பக்கம் இளைப்பு உள்ள ஒரு பெண்ணுக்கு நாள் தள்ளிப்போனால், பல வீடுகளில் முதலில் நடப்பது இதுதான்: அவள் தினமும் இழுத்துவந்த பம்ப் (இன்ஹேலர்) அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. “மாசமா இருக்கிறப்ப இதெல்லாம் இழுக்காதம்மா, புள்ளைக்கு ஆவாது” என்று மாமியார் அக்கறையோடுதான் சொல்கிறார். அந்தப் பெண்ணுக்கும் உள்ளுக்குள் அதே பயம் இருக்கிறது. கர்ப்பத்தில் மருந்து மாத்திரையைக் கண்டபடி போடக்கூடாது என்பது சரியான எண்ணம்தான். ஆனால் ஆஸ்துமாவில் அந்த எண்ணமே தாயையும் பிள்ளையையும் சிக்கலில் கொண்டுபோய் விடுகிறது. இங்கே ஆபத்து மருந்தால் வருவதைவிட, மருந்தை நிறுத்துவதால் வருவதுதான் அதிகம்.

காரணம் எளிது. வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குத் தனியாக மூச்சு கிடையாது. தாயின் ரத்தத்தில் வரும் ஆக்சிஜன்தான் நஞ்சுக்கொடி வழியாக அதற்குப் போகிறது. தாய்க்கு மூச்சுக்குழாய் சுருங்கி, வீசிங் ஏறி, ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால், அந்தக் குறை பிள்ளையையும் தொடும். கட்டுக்குள் இல்லாத ஆஸ்துமாவோடு கர்ப்பம் நகர்ந்தால் குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை, ரத்த அழுத்தம் ஏறும் ப்ரீஎக்லாம்ப்சியா ஆகியவற்றுக்கான வாய்ப்பு கூடுகிறது என்பது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்த ஒன்று. அதே ஆஸ்துமாவை ஒழுங்காகக் கட்டுக்குள் வைத்திருக்கும் பெண்களில் பெரும்பாலோருக்குப் பிரசவம் மற்றவர்களைப் போலவே நல்லபடியாக முடிகிறது.

பம்ப் என்று பொதுவாகச் சொன்னாலும், வீட்டில் இருப்பது இரண்டு வகை. ஒன்று, மூச்சு முட்டும்போது இழுப்பது. சால்புடமால் உள்ள இது பெரும்பாலும் நீலநிறத்தில் இருக்கும். சில நிமிடங்களில் மூச்சுக்குழாயைத் திறந்துவிடும். இன்னொன்று, முட்டினாலும் முட்டாவிட்டாலும் தினமும் இழுக்கவேண்டியது. பியூடசோனைட், பெக்லோமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்து இதில் இருக்கும். மூச்சுக்குழாயின் உள்சுவரில் உள்ள வீக்கத்தை இதுதான் வற்றவைக்கிறது. பலருக்கு இந்த ஸ்டீராய்டோடு, மூச்சுக்குழாயை நெடுநேரம் திறந்துவைக்கும் ஃபார்மோடெரால் சேர்ந்த ஒரே பம்ப்பாகவும் எழுதிக்கொடுப்பார்கள்.

தினசரி பம்ப்பை நிறுத்தினால் மறுநாளே ஒன்றும் ஆகாது. ஒரு வாரம், சிலருக்கு அதற்கு மேலும், நன்றாகத்தான் போகும். ‘பாரு, பம்ப் இல்லாமலே சரியாகிவிட்டது’ என்று தோன்றும். உள்ளே வீக்கம் மெல்லத் திரும்பிக்கொண்டிருப்பது வெளியே தெரியாது. பிறகு ஒரு சளி, ஒரு குளிர்ந்த விடியற்காலை, பக்கத்துத் தெருவில் எரியும் குப்பை, ஏதோ ஒன்று போதும். நீல பம்ப்பை மட்டும் இழுத்துச் சமாளிக்கலாம் என்று நினைப்பதும் இதே வகைத் தவறுதான். உலக அளவிலான ஆஸ்துமா வழிகாட்டியான ‘ஜினா’, நீல மருந்தை மட்டும் நம்பி ஆஸ்துமாவுக்குச் சிகிச்சை செய்யக்கூடாது என்று 2019 முதலே சொல்லிவருகிறது. கர்ப்பகாலத்தில் மருந்தின் அளவைக் குறைத்துப் பார்க்கும் முயற்சியைப் பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்பதும் அதன் அறிவுரை. நன்றாக இருக்கும்போதே குறைக்கவேண்டாம் என்கிறபோது, ஒரேயடியாக நிறுத்துவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கர்ப்பத்தில் ஆஸ்துமா எப்படிப் போகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு: மூன்றில் ஒரு பங்குப் பெண்களுக்குக் குறைகிறது, ஒரு பங்குக்கு அப்படியே இருக்கிறது, இன்னொரு பங்குக்கு மோசமாகிறது. மோசமாவது பெரும்பாலும் 24 முதல் 36 வாரத்துக்குள், அதாவது ஆறாம் மாசத்தில் இருந்து ஒன்பதாம் மாசத் தொடக்கம் வரை. கடைசி நாலு வாரம் பலருக்கு இலகுவாகிவிடும். முதல் பிள்ளைக்கு எப்படி இருந்ததோ, அடுத்ததற்கும் பெரும்பாலும் அதே போக்கு. வளைகாப்புக்குத் தாய்வீடு போகும் நேரமும் ஆஸ்துமா கூடும் நேரமும் ஒன்றாக வருவதைக் கவனியுங்கள். புடவை, வளையல், பலகாரத் தட்டு எல்லாம் கிளம்பும், பம்ப் மட்டும் மாமியார் வீட்டிலேயே நின்றுவிடும். பையில் முதலில் போகவேண்டியது அதுதான்.

இன்னொரு குழப்பமும் உண்டு. கர்ப்பத்தில் ஆஸ்துமா இல்லாதவர்களுக்கே மூச்சு வாங்கும். புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் மூச்சை ஆழமாக்கிவிடுகிறது. ஒரு நிமிடத்தில் உள்ளே போய் வெளியே வரும் காற்றின் அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. மாடி ஏறினால் மேல்மூச்சு வாங்குவது அதனால்தான். அப்படியானால் எது கர்ப்பத்து மூச்சு, எது ஆஸ்துமா? நெஞ்சில் விசில் சத்தம், நெஞ்சை இறுக்கிப் பிடிப்பது, ராத்திரி இரண்டு மூன்று மணிக்கு இருமலோடு எழுந்து உட்காருவது, இவை கர்ப்பத்தால் வருபவை அல்ல. சந்தேகத்தைத் தீர்க்க ஒரு சின்னக் கருவி இருக்கிறது: பீக் ஃப்ளோ மீட்டர். குழாயில் ஒரே மூச்சாக ஊதினால் முள் ஓர் எண்ணில் நிற்கும். கர்ப்பம் அந்த எண்ணைக் குறைப்பதில்லை, ஆஸ்துமாதான் குறைக்கும். நன்றாக இருக்கும் நாட்களில் ஊதி உங்கள் உச்ச அளவைக் குறித்துவையுங்கள். அதில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் டாக்டரைப் பார்க்கவேண்டும். பாதிக்கும் கீழே போனால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பவேண்டும்.

சரி, மருந்து பிள்ளையை எட்டாதா? பம்ப் பெட்டியையும் மாத்திரை அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சால்புடமால் பம்ப்பில் ஓர் அழுத்துக்கு 100 மைக்ரோகிராம் என்று இருக்கும். மாத்திரையில் 2 அல்லது 4 மில்லிகிராம் என்று இருக்கும். ஒரு மில்லிகிராம் என்றால் 1,000 மைக்ரோகிராம். ஆக, ஒரு 4 மில்லிகிராம் மாத்திரையில் இருக்கும் மருந்து 40 அழுத்துக்குச் சமம். மாத்திரை வயிற்றில் கரைந்து, ரத்தத்தில் கலந்து, உடம்பு முழுக்கச் சுற்றிவிட்டுத்தான் நுரையீரலுக்கு வரும். பம்ப் மருந்து நேரே மூச்சுக்குழாய்க்குப் போகிறது, ரத்தத்தில் சேர்வது மிகக் கொஞ்சம். ‘பம்ப் ஸ்ட்ராங், மாத்திரை லேசு’ என்று நம் ஊரில் பரவலாக இருக்கும் நம்பிக்கைக்கு நேர் எதிரானது உண்மை. பம்ப்பை விட்டுவிட்டு மெடிக்கலில் ‘வீசிங் மாத்திரை’ என்று கேட்டு வாங்கிப் போடும் கர்ப்பிணி, குறைந்த மருந்தை விட்டுக் கூடுதல் மருந்துக்கு மாறுகிறார்.

ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் பயம் இன்னும் கூடும். கர்ப்பிணிகளிடம் மிக அதிகமாகக் கவனித்துப் பார்க்கப்பட்ட தினசரி மருந்து பியூடசோனைட். 1999-இல் வெளியான ஸ்வீடன் நாட்டுப் பிறப்புப் பதிவேட்டு ஆய்வு, கர்ப்பத்தின் ஆரம்பத்தில் இந்த மருந்தை இழுத்த தாய்மார்களுக்குப் பிறந்த 2,014 குழந்தைகளை எடுத்துப் பார்த்தது. பிறவிக்குறைகள் பொதுவாக எல்லாக் குழந்தைகளிடமும் இருக்கும் அளவைவிடக் கூடுதலாக இல்லை. ஏற்கெனவே வேறு ஸ்டீராய்டு பம்ப் சரியாக வேலை செய்துகொண்டிருந்தால் அதை மாற்றவேண்டியதும் இல்லை. கடுமையான வீசிங்குக்குச் சில நாள் கொடுக்கும் பிரெட்னிசோலோன் மாத்திரையின் கதை கொஞ்சம் வேறு. நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு நொதி அதில் பெரும்பகுதியைச் செயலிழக்க வைத்துவிடுவதால், பிள்ளையை எட்டுவது பத்தில் ஒரு பங்கு அளவுதான். முதல் மூன்று மாசத்தில் அதை எடுத்தால் உதடு, அண்ணப் பிளவு வரும் வாய்ப்பு சிறிதளவு கூடலாம் என்று பழைய ஆய்வுகள் சில சொல்லின, பின்னால் வந்தவை அதை உறுதிப்படுத்தவில்லை. கடும் வீசிங்கில் ஆக்சிஜன் குறைவதால் வரும் கேடு இதைவிடப் பெரிது என்பதால்தான் டாக்டர்கள் தயங்காமல் கொடுக்கிறார்கள். மான்டெலுகாஸ்ட், தியோஃபிலின் வகை மாத்திரைகள் ஏற்கெனவே போட்டுவந்தால் நீங்களாக நிறுத்தாமல் கேட்டுச் செய்யுங்கள். தியோஃபிலினுக்கு மட்டும் அளவைக் கண்காணிப்பது அவசியம்.

‘பம்ப் இழுத்தும் கேக்கலை’ என்று சொல்பவர்களை ஒருமுறை இழுத்துக்காட்டச் சொன்னால் பாதிக் காரணம் அங்கேயே தெரிந்துவிடும். பம்ப்பைக் குலுக்காமலே அழுத்துவார்கள், அல்லது அழுத்தி முடித்த பிறகுதான் மூச்சை இழுப்பார்கள். மருந்து நாக்கிலேயே தங்கிவிடும். குலுக்கவேண்டும், மூச்சை முழுக்க வெளியே விடவேண்டும், உதட்டால் இறுக்கிப் பிடிக்கவேண்டும், மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தவேண்டும், பிறகு பத்து எண்ணும்வரை மூச்சை அடக்கவேண்டும். அடுத்த அழுத்துக்கு அரை நிமிடமாவது விடுங்கள். ஸ்டீராய்டு பம்ப் என்றால் முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்பவேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளைப் படலம் வரும். வயிறு பெரிதாகி மூச்சை அடக்கச் சிரமப்படும் மாதங்களில் ஸ்பேசர் பெரிய உதவி. அந்தப் பிளாஸ்டிக் குடுவையில் மருந்து நிற்கும், அவசரமில்லாமல் இழுக்கலாம். அவசரத்துக்கு ஸ்பேசர் இல்லையென்றால் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியில் பம்ப்பின் வாய் இறுக்கமாக நுழையும் அளவுக்குத் துளையிட்டுப் பயன்படுத்தலாம். தென்னாப்பிரிக்காவில் குழந்தைகளிடம் சோதித்துப் பார்த்து, வேலை செய்கிறது என்று கண்ட முறை இது.

இனி காற்று. இந்த மருந்துக்கதை எந்த ஊருக்கும் பொதுவானது. ஆனால் வடசென்னைப் பெண்ணுக்கு அது இன்னும் இறுக்கமாகப் பொருந்துகிறது, ஏனென்றால் அவள் மூச்சுவிடும் காற்று அவள் கையில் இல்லை. 1960-களின் பிற்பாதியில் இருந்து மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பும் உரத் தொழிலும் வேரூன்றின. எண்ணூர், அத்திப்பட்டு, வல்லூர் பக்கம் நிலக்கரி அனல்மின் நிலையங்கள், அவற்றின் சாம்பல். துறைமுகத்துக்கு இரவு பகலாகப் போகும் கன்டெய்னர் லாரிகளின் டீசல் புகை. கொடுங்கையூரில் குப்பைமேடு, அது பற்றி எரியும் நாட்கள். 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் மிக மோசமாக மாசடைந்த தொழிற்பகுதிகளைப் பட்டியலிட்டபோது மணலி அதில் இருந்தது. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயில் இருந்து அம்மோனியா கசிந்தபோது, ஜனங்கள் தூக்கத்தில் இருந்து எழுந்து, கண் எரிய, மூச்சுத் திணற வெளியே ஓடினார்கள். இதற்கெல்லாம் பொறுப்பு கர்ப்பிணிப் பெண்ணுடையது அல்ல. ‘புகை பக்கம் போகாதே’ என்று அவளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமும் இல்லை. அவள் வீடே அங்கேதானே இருக்கிறது.

என்றாலும் தெரிந்துகொண்டால் கொஞ்சம் தப்பிக்கலாம். மணலி, கொடுங்கையூர், ராயபுரம் ஆகிய இடங்களில் காற்றை அளக்கும் நிலையங்கள் இருக்கின்றன. மத்திய வாரியத்தின் ‘சமீர்’ செயலியில் அந்த அளவுகளைப் பார்க்கலாம். நுரையீரலின் அடி வரை போகும் பி.எம். 2.5 நுண்துகளுக்கு நம் நாட்டு 24 மணிநேர வரம்பு ஒரு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன அளவு 15. எனவே செயலி பச்சை காட்டினாலும் ஆஸ்துமா உள்ளவர் தன் நெஞ்சு சொல்வதைத்தான் முதலில் கேட்கவேண்டும். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலைக் காற்று அசையாமல் நிற்பதால் புகை தரையோடு படிந்துவிடும். அந்த நேரத்தில் கோலம் போட உட்காருவதை வீட்டில் வேறு யாராவது பார்த்துக்கொள்ளலாம். போகியன்று டயர் எரிக்கும் தெருவாக இருந்தால், முந்தின நாளே வேறு உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விடுவது மிகைப்பட்ட பயம் ஆகாது.

வீட்டுக்குள் இருக்கும் புகை நம் கையில் இருக்கிறது. கொசுவர்த்திச் சுருளை விட்டுக் கொசுவலைக்கு மாறுங்கள். சாம்பிராணி, ஊதுபத்தியை இந்த ஒன்பது மாதம் அவள் இருக்கும் அறைக்குள் கொண்டுவராதீர்கள். காய்ந்த மிளகாய் தாளிப்பதும் கருவாடு வறுப்பதும் ஜன்னலைத் திறந்துவைத்து, முடிந்தால் வேறு ஒருவர் செய்யட்டும். கணவர் பீடி, சிகரெட் பிடிப்பவர் என்றால், வாசலில் நின்று பிடித்தாலும் அந்த நெடி சட்டையோடு உள்ளே வரும். நிறுத்துவதற்கு இதைவிட நல்ல காரணம் அவருக்குக் கிடைக்காது.

நாட்டு மருந்தில் ஒன்றைத் தனியாகச் சொல்லவேண்டும். இருமல், இளைப்பு என்றதும் ஆடாதோடை இலைக் கஷாயம் போட்டுக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்த இலையில் உள்ள வாசிசின் என்ற பொருளுக்குக் கருப்பையைச் சுருங்கவைக்கும் தன்மை உண்டு என்று விலங்குகளிடம் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கர்ப்பிணிக்கு அது வேண்டாம். ‘இயற்கைதானே’ என்று பம்ப்பை ஒதுக்கிவிட்டு இதைக் குடிக்கவைப்பது, பாதுகாப்பானதை விட்டுப் பாதுகாப்பில்லாததை எடுப்பது.

திடீரென்று மூச்சு முட்டினால்? படுக்கவைக்காதீர்கள். நிமிர்ந்து, சற்று முன்பக்கம் சாய்ந்து உட்காரட்டும். நீல பம்ப்பை ஸ்பேசர் வழியாக ஒவ்வொரு அழுத்தாக நாலு முறை, ஒவ்வொன்றுக்கும் நாலு மூச்சு. நாலு நிமிடத்தில் தெளியவில்லையென்றால் மறுபடி நாலு. அதற்குள் ஒருவர் 108-ஐக் கூப்பிட்டிருக்கவேண்டும். தெளிந்துவிட்டது, ஆனால் மூன்று நான்கு மணிநேரத்துக்குள் மறுபடி பம்ப் தேவைப்படுகிறது என்றால் அன்றே டாக்டரைப் பார்க்கவேண்டும். ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியாமல் திணறுவது, உதடு நீலம் பாய்வது, பிள்ளையின் அசைவு குறைவது, இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்கக்கூடாது. ஆஸ்பத்திரியில் நெபுலைசர், ஆக்சிஜன் வைப்பார்கள், ஊசியோ மாத்திரையோ ஸ்டீராய்டு கொடுப்பார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவை 94 சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பது இலக்கு. நெஞ்சு எக்ஸ்ரே தேவை என்று சொன்னால் மறுக்கவேண்டாம், அதில் பிள்ளையை எட்டும் கதிர்வீச்சு மிக மிகக் குறைவு.

ரத்தத்தில் கரியமில வாயுவின் அளவைப் பற்றி ஒன்று. கர்ப்பிணி ஆழமாக மூச்சு விடுவதால் இந்த அளவு வழக்கமான 40 மி.மீ. பாதரசத்தை விட்டு 30 பக்கம் இறங்கி இருக்கும். கடும் வீசிங்கில் இருக்கும் கர்ப்பிணியின் ரிப்போர்ட்டில் 40 என்று வந்தால், மற்றவர்களுக்கு அது சாதாரணம், இவளுக்கு அவள் சோர்ந்துபோகிறாள் என்ற எச்சரிக்கை. மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். கர்ப்பிணி என்பதைக் காஷுவால்டியில் முதல் வார்த்தையாகச் சொல்வது எதனால் முக்கியம் என்று குடும்பத்துக்கும் தெரியட்டும். நாலாம் மாசத்து வயிறு சேலைக்குள் வெளியே தெரியாது.

பிரசவத்துக்கும் மூச்சுக்கும் தனித்தனி டாக்டர், தனித்தனி சீட்டு என்பதுதான் இங்கே பெரும்பாலானவர்களின் நிலை. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் செக்கப், ஸ்டான்லியில் நெஞ்சகநோய்ப் பிரிவு என்று போய்வருபவர்கள் இரண்டு சீட்டையும் ஒரே பையில் வையுங்கள். தாய் சேய் அட்டையின் முதல் பக்கத்தில் ‘ஆஸ்துமா’ என்றும், என்ன பம்ப், எத்தனை அழுத்து என்றும் பெரிதாக எழுதிவிடுங்கள். பிரசவ வார்டில் இது உயிர் காக்கும் தகவல். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்தப் போடும் ஊசிகளில் கார்போபுரோஸ்ட் என்பது மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடக்கூடியது, ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. ஆக்சிடோசின் போடலாம். கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறினால் பரவலாகக் கொடுக்கும் லாபெடலாலும் ஆஸ்துமாவைக் கிளப்பலாம், அதற்குப் பதில் நிஃபெடிபின் போன்றவை இருக்கின்றன. ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் வகை வலி மருந்து எப்போதாவது உங்களுக்கு வீசிங் கொண்டுவந்திருந்தால் அதையும் எழுதுங்கள். வலி எடுத்து ஓடும் நேரத்தில் யாருக்கும் இதெல்லாம் ஞாபகம் வராது. பிரசவ வலியின்போதும் தினசரி பம்ப்பை விடக்கூடாது. அந்த நேரத்தில் கடும் வீசிங் வருவது அபூர்வம் என்பது ஆறுதலான விஷயம்.

பிள்ளை பிறந்த பிறகு பம்ப் இழுத்துக்கொண்டே தாய்ப்பால் கொடுக்கலாம். பாலில் சேரும் மருந்து குழந்தையைப் பாதிக்கும் அளவுக்கு இருக்காது. தலைக்கு ஊற்றிய பிறகு தாயின் கூந்தலுக்கும் குழந்தைக்கும் சாம்பிராணிப் புகை காட்டும் வழக்கத்தை மட்டும் இந்த வீட்டில் விட்டுவிடுங்கள். முடியைத் துண்டால் துவட்டி வெயிலில் காயவைத்தால் போதும். ஆஸ்துமா பொதுவாக மூன்று மாதத்துக்குள் கர்ப்பத்துக்கு முன் இருந்த நிலைக்குத் திரும்பிவிடும். குழந்தைக்குத் தடுப்பூசி போட அழைத்துப்போகும் அந்த மாதங்களில் ஒரு நாள், தாயும் தன் பம்ப்பையும் பீக் ஃப்ளோ எண்கள் எழுதிய தாளையும் எடுத்துக்கொண்டு நெஞ்சகநோய் டாக்டரைப் பார்க்கவேண்டும். மருந்தைக் குறைக்கலாமா என்று கேட்கவேண்டிய நேரம் அதுதான்.